கேட்டதையெல்லாம் வரிசை போட்டால் ரோட்மேப் ஆகாது

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு, நான் பாம்பன்காரன். சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். நாலு வருஷத்துக்கு முன் நண்பர்கள் சேர்ந்து, மீனவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு இணையச் சமூக மென்பொருள் எழுதினோம். கோட் முழுக்கத் திறந்த மூலம், யாரும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம். நாளைக்குக் கடலுக்குப் போக டோக்கன் (அனுமதிச் சீட்டு) உண்டா, காற்று எப்படி, நண்டு என்ன விலை, பழைய இன்ஜின் யாரிடம் இருக்கிறது என்று மண்டபத்திலிருந்து தொண்டி வரைக்கும் இதில் பேசுகிறார்கள். இப்போது வெளியூரில் ஒரு விவசாயிகள் குழுவும் ஒரு முன்னாள் மாணவர் சங்கமும் இதை எடுத்துத் தங்கள் சர்வரில் போட்டிருக்கின்றன.

கோரிக்கைகள் 312 சேர்ந்துவிட்டன. ஓட்டு வைத்தோம். ஆண்ட்ராய்டு ஆப் முதலிடம், சாட் இரண்டாமிடம், டார்க் மோடு மூன்றாமிடம். குரல் பதிவு வேண்டும் என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் ஒரு பையன் சாட் முழுவதையும் தானே எழுதி அனுப்பிவிட்டான். மீன் ஏற்றுமதி செய்யும் ஒருவர், எந்தப் படகு எங்கே மீன் பிடித்தது என்று வரைபடத்தில் காட்டினால் ஒரு வருஷ சர்வர் செலவைத் தருகிறேன் என்கிறார். கோடில் கைவைக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் மூன்றே பேர், அதுவும் ராத்திரியில்தான். டேட்டாபேஸ் இன்னும் போஸ்ட்கிரெஸ் 12. ஒரு வருஷத்துக்கு மாதவாரியாக ரோட்மேப் (எதை எப்போது செய்வோம் என்ற திட்டம்) போட்டு எல்லாருக்கும் வெளியிட நினைக்கிறோம். எப்படிப் போடுவது?

பின்குறிப்பு: பதிவுகளைக் கண்காணிக்கும் ஐந்து மாடரேட்டர்களில் இரண்டு பேர் போன மாதம் விலகிவிட்டார்கள். பதில் ஆள் பிடிக்கவும் யோசனை சொல்லுங்கள்.

– பெயர் வேண்டாம், பாம்பன்

பதில்:

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தில் அவசரமான செய்தி ஒன்றே ஒன்றுதான். அதைப் பின்குறிப்பில் போட்டுவிட்டீர்கள். ஆப் இல்லை என்பதற்காக ஒரு குழு கலைந்து நான் பார்த்ததில்லை. நடத்துகிறவர்கள் அலுத்துப்போனால் கண்ணெதிரே கலையும். ஸ்பாம் நுழையும், இரண்டு பேர் சண்டை பிடிப்பார்கள், கேட்க நாதியிருக்காது, விஷயம் தெரிந்தவர்கள் சத்தம் போடாமல் நின்றுவிடுவார்கள். ஆகவே பதில் ஆள் தேடுவதற்கு முன்னால், போன இருவரையும் கூப்பிட்டு ஏன் போனார்கள் என்று கேளுங்கள். வேலை அதிகம் என்றுதான் சொல்வார்கள். எந்த வேலை என்று விடாமல் கேளுங்கள். உங்கள் ரோட்மேப் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஓட்டு வைத்ததில் தப்பில்லை. யார் போட்ட ஓட்டு என்று மட்டும் பாருங்கள். கோட் வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் கணக்குத் தொடங்கி, ஆங்கிலத்தில் இஷ்யூ (கோரிக்கை) எழுதத் தெரிந்தவர்கள் போட்டது. டார்க் மோடு மூன்றாமிடம் வந்தது அதனால்தான். சின்னப்பாலத்திலிருந்து பாசி எடுக்கப் போகிற அக்காமாரில் ஒருவராவது அங்கே வந்து ஓட்டுப் போட்டிருப்பார்களா? மாடரேட்டர்களும் கேட்டிருக்க மாட்டார்கள். ‘பையன்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு செய்கிறார்கள், இதையும் எப்படிக் கேட்பது’ என்று நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கையாலேயே செய்துகொண்டிருப்பார்கள்.

அதனால் காற்று தூக்கலாக இருக்கிற ஒரு நாள், பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றியிருக்கும்போது, மிச்சமிருக்கும் மூன்று மாடரேட்டர்களில் ஒருவர் வீட்டுக்குப் போய் ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்காருங்கள். யோசனை எதுவும் சொல்லாதீர்கள், அவர் விரல் போகிற இடத்தை மட்டும் பாருங்கள். ‘நாளைக்கு டோக்கன் உண்டா’ என்று ஒருவர் கேட்பார். பதில் போட்டு முடிப்பதற்குள் வேறொரு தலைப்பில் இன்னொருவர் அதையே கேட்பார். மாடரேட்டர் முந்தைய பதிலைத் தேடிப் பிடித்து, நகலெடுத்து ஒட்டுவார். நடுவில் யாரோ போன வருஷப் புயல் படத்தை இன்றைய படம் என்று போட்டுவிடுவார்கள். அதை எடுக்க வேண்டும். எடுக்கும் பொத்தான் எங்கே?

உங்கள் கோட் திறந்துதானே கிடக்கிறது, பார்த்தேன். நிர்வாகப் பக்கம் மொத்தமும் கம்ப்யூட்டர் திரைக்காக எழுதியிருக்கிறீர்கள். போனில் திறந்தால் அந்தப் பொத்தான் வலது ஓரத்தைத் தாண்டிப் போய்விடுகிறது, திரையை இழுத்தால்தான் தெரிகிறது. புகார்கள் மின்னஞ்சலுக்குப் போகின்றன. கடற்கரையில் நிற்கிற மனிதர் மின்னஞ்சலை எப்போது திறப்பார்? அன்றைய அறிவிப்பை மேலே ஒட்டி வைக்க வழி இருக்கிறது, ஆனால் தேதி தாண்டினால் தானாக இறங்குவதில்லை. நேற்றைய ‘டோக்கன் இல்லை’ இன்றைக்கும் தொங்கிக்கொண்டிருந்தால் ஒருவர் ஒரு நாள் தொழிலை விடுவார். அறிவிப்பு கிடக்கட்டும் என்று விட்டதால் வந்த பழியும் மாடரேட்டர் தலையில்தான் விழும்.

இந்த நாலும்தான் முதல் வேலை. போனில் ஒரு கையால் நடத்தக்கூடிய நிர்வாகப் பக்கம், ஒரே கேள்விகளை ஒன்றாகச் சேர்க்கும் வசதி, காலாவதி நேரத்தோடு அறிவிப்பு, புகார் நேராக நோட்டிஃபிகேஷனாக வருவது. இதோடு ஐந்தாவதாக, சுமையைப் பழைய உறுப்பினர்களிடம் கொஞ்சம் இறக்கிவைக்க ஒரு வழி. டிஸ்கோர்ஸ் என்ற விவாத மன்ற மென்பொருளில் 0 முதல் 4 வரை நம்பிக்கை நிலைகள் உண்டு. புழங்கப் புழங்க உரிமைகள் தானாகக் கூடும், புதியவருக்குக் கட்டுப்பாடு அதிகம். அதை அப்படியே எடுக்க வேண்டாம். உங்களுக்கு இரண்டு படி போதும்: புதியவர், தெரிந்தவர். தெரிந்தவர்கள் மூவர் புகார் தந்தால் பதிவு மறையட்டும், மாடரேட்டர் சாவகாசமாக வந்து பார்க்கட்டும்.

யாரும் கோரிக்கையாக எழுதாத இன்னொன்றும் கண்ணில் பட்டது. உங்கள் தளத்தில் ‘#மீன்’ என்று தட்டினால் ‘#ம’ மட்டும் நீலமாகி, மிச்சம் வெளியே நின்றுவிடுகிறது. காரணம் சின்னது. எழுத்துகளுக்குக் கணினியில் குறியீடு தரும் யூனிகோடில் ‘ம’ எழுத்து வகை. அதோடு சேரும் ஈகாரக் குறியும், ‘ன்’ மேலே இருக்கும் புள்ளியும் ‘குறி’ என்ற வேறு வகை. டேக் எதுவரை என்று பார்க்கும் பேட்டர்னில் எழுத்தையும் எண்ணையும் மட்டும் அனுமதித்திருக்கிறீர்கள், முதல் குறி வந்ததும் அறுந்துவிடுகிறது. குறி வகையைச் சேர்த்தால் தீர்ந்தது. தேடலிலும் இதே கதை. ‘கொ’ என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ஒருவர் எழுதிய ‘கொண்டல்’ இன்னொருவர் தேடினால் அகப்படாது. சேமிக்கும்போதும் தேடும்போதும், இரண்டையும் ஒரே குறியீடாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். போஸ்ட்கிரெஸின் முழு உரைத் தேடலில் தமிழுக்கான ஸ்டெம்மர் (விகுதிகளை நீக்கிச் சொல்லின் அடியைப் பிடிக்கும் கருவி) 12-ஆம் பதிப்பிலேயே வந்துவிட்டது, நீங்கள் இன்னும் ஆங்கிலத்துக்கானதைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அது பழுதே இல்லாதது என்று சொல்லமாட்டேன், ஆனால் இப்போது இருப்பதைவிட எவ்வளவோ தேவலை. தேடினால் கிடைக்கவில்லை என்பதால்தான் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். இதைச் சரிசெய்தால் மாடரேட்டர் வேலையும் குறையும். இதை ஏன் ஒருவரும் புகாராக எழுதவில்லை தெரியுமா? ‘தமிழில் தேடினால் வராது’ என்று நம் ஆட்களுக்குப் பழகிப்போய்விட்டது.

ஏற்றுமதிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாம். எந்தப் படகு எங்கே பிடித்தது என்று காட்டும் வரைபடத்தை ரோட்மேப்பில் ‘செய்யமாட்டோம்’ என்ற தலைப்பின் கீழ், காரணத்தோடு எழுதிவையுங்கள். மீன் கிடைத்த இடத்தை அடுத்த படகுக்காரனிடமே சொல்லாத ஊரில் இது எடுபடாது என்பது ஒரு பக்கம். பெரிய காரணம் எல்லை. 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் வகுத்த கோடு பாக் நீரிணையில் நம் கரைக்கு எவ்வளவு பக்கம் என்று பாம்பன்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படகு நின்ற இடம் தேதியோடு பொதுவில் பதிவானால், அது எந்த நாள் யார் கையில் எதற்கு ஆதாரமாகும் என்று உங்களால் உத்தரவாதம் தர முடியுமா? திறந்த மூலம் என்றால் கோட் திறந்திருக்கும், அவ்வளவுதான். உறுப்பினரின் நடமாட்டம் திறந்திருக்க வேண்டியதில்லை.

இதே சிக்கல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. லொகேஷன் போட்டுவைத்த போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் எக்ஸிஃப் தகவலாக ஒட்டிக்கொண்டிருக்கும். நீங்கள் படத்தை அப்படியே சேமித்து, அப்படியே இறக்கக் கொடுக்கிறீர்கள். கடலில் வைத்து எடுத்த சீலா மீன் படம் ஒன்று போதும், இடம் தெரிந்துவிடும். படம் ஏறும்போதே அந்தத் தகவலை உரித்துவிடுங்கள். ஏற்கெனவே ஏறிய படங்களுக்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டுங்கள். வேறு எதற்கும் காத்திருக்காமல் இந்த வாரமே செய்ய வேண்டியது இது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு வந்திருக்கிறது. கணக்கை நீக்கச் சொன்னால் எது அழியும், எது நிற்கும் என்று ஒரு பக்கம் எழுதி வைப்பதும் உங்கள் பட்டியலில் இருக்கட்டும்.

காசு கொடுப்பவரை விரட்டச் சொல்லவில்லை. காசு கொடுத்தால் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் வேலை ஒன்றை முன்னே இழுக்கலாம், இல்லாத வேலையைப் புகுத்த முடியாது என்று விதி வைத்து, அந்த விதியையும் ரோட்மேப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். கரை விலையைத் தினமும் ஒழுங்காகப் பதிவுசெய்யும் வசதிக்குத் தருகிறீர்களா என்று அவரிடமே கேட்கலாம். அது அவருக்கும் உபயோகம்.

இனி பெங்களூர் பையன். எழுதிக் கொடுத்துவிட்டான், சும்மா வாங்கிப் போட வேண்டியதுதானே என்று தோன்றும். ஓசியில் வந்த படகானாலும் டீசல் நம் காசில்தான். சாட் வசதியை மையத்தில் சேர்த்த அடுத்த நாளிலிருந்து அதில் வரும் ஒவ்வொரு பிழையும் (பக்) உங்கள் மூவர் தலையில். அதோடு மாடரேட்டருக்குக் கண்காணிக்க இன்னொரு இடம், அதுவும் வேகமாக ஓடுகிற இடம். இருக்கிற இடத்தையே சமாளிக்க முடியாமல்தானே இருவர் போனார்கள். அவனிடம் இதை ப்ளக்-இன்னாக, அதாவது வேண்டியவர்கள் மட்டும் மாட்டிக்கொள்ளும் தனித் துண்டாக, பிரித்துத் தரச் சொல்லுங்கள். டிஸ்கோர்ஸிலும் சாட் முதலில் தனி ப்ளக்-இன்னாகத்தான் இருந்தது, பிறகுதான் மையத்தோடு சேர்ந்தது. முன்னாள் மாணவர் சங்கத்துக்கு அது பிடிக்கும், அவர்கள் போட்டுப் பார்க்கட்டும். அவன் தொடர்ந்து கவனித்துக்கொள்கிறானா என்பதும் அதில் தெரிந்துவிடும். ஒன்று முக்கியம்: பதில் சொல்லாமல் மட்டும் வைத்திருக்காதீர்கள். ‘வேண்டாம்’ என்றால்கூடத் தாங்கிக்கொள்வார்கள். மாதக்கணக்கில் மௌனமாக இருந்தால் அந்தப் பையனைத் திரும்பப் பார்க்க முடியாது.

கம்பெனி ரோட்மேப்புக்கும் உங்களுடையதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். சம்பளம் வாங்குகிறவரிடம் ‘ஜூலையில் இதை முடி’ என்று சொல்லலாம். தன்னார்வலரிடம் சொல்ல முடியாது, அவருக்குப் பிடித்ததைத்தான் செய்வார். அதனால் பட்டியலை ‘நாங்கள் செய்வோம்’, ‘யாராவது செய்தால் வாங்கிக்கொள்வோம்’, ‘செய்யமாட்டோம்’ என்று பிரியுங்கள். முதலாவதில் உங்கள் மூவர் கையால் ஆகக்கூடியதற்கு மேல் ஒன்றும் இருக்கக் கூடாது. டார்க் மோடு இரண்டாவதற்குப் போகட்டும். புதிதாக வருகிறவர் கைபழக அது நல்ல வேலை.

அந்த மூவர் நேரத்திலும் பாதியைப் பராமரிப்புக்கென்று முதலிலேயே கழித்துவிடுங்கள். பாதியா என்று மலைக்காதீர்கள். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோதுதான், உலகத்தில் பாதி இணையம் நம்பிக்கொண்டிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருளை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. உங்கள் மென்பொருள் நிற்பதே மற்றவர்களின் ரோட்மேப் மேல்தான். போஸ்ட்கிரெஸில் வருஷத்துக்கு ஒரு பெரிய பதிப்பு வரும், ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருஷம் ஆதரவு. நீங்கள் ஓட்டும் 12-க்கு 2024 நவம்பரோடு முடிந்துவிட்டது. 13-க்கும் 2025 நவம்பரில் முடிந்தது. எனவே 13-இல் கால்வைக்காமல் நேராகப் புதிய பதிப்புக்குத் தாவுங்கள். இது ‘நாங்கள் செய்வோம்’ பட்டியலில் மாடரேட்டர் வேலைக்குப் பக்கத்திலேயே வர வேண்டும்.

மாதவாரித் தேதி போடாதீர்கள். ராத்திரி வேலைக்கு மாதக்கணக்கு பொருந்தாது. ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு ஆபீஸில் நெருக்கடி என்றால் அத்தனை தேதியும் பொய்யாகும். ‘இப்போது’, ‘அடுத்து’, ‘பிறகு’ என்று மட்டும் பிரித்துக்கொண்டு, ‘இப்போது’ என்பதில் மூன்று நான்கு வேலைக்கு மேல் வைக்காதீர்கள். வேலைக்குத்தான் தேதி வேண்டாம் என்கிறேன், ரிலீஸுக்குத் தேதி வேண்டும். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் 2004-இலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை வெளிவருகிறது, அன்றைக்கு எது தயாரோ அது ஏறும், தயாராகாதது அடுத்த பதிப்புக்குக் காத்திருக்கும். இன்னொரு லினக்ஸான டெபியன் எப்போதும் தயாரானால்தான் வெளியிடும். உங்களுக்கு உபுண்டு வழியே நல்லது, ஏனென்றால் தேதி இல்லாவிட்டால் ராத்திரி வேலை முடியவே முடியாது.

தேதியை நம் கடலைப் பார்த்து வையுங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம். டோக்கன் கேள்வி இருக்காது, பேச்செல்லாம் வலை, இன்ஜின், பெயிண்ட் பற்றித்தான். நாட்டுப்படகு போகும் என்றாலும் நெரிசல் குறைவு. டேட்டாபேஸ் மாற்றம், பெரிய ரிலீஸ் எல்லாவற்றையும் அந்த இரண்டு மாதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பக் திருத்தம் தவிர எதையும் தொடாதீர்கள். புயல் நேரத்தில் தளம் படுத்தால் அதைவிடப் பெரிய கெட்ட பெயர் கிடையாது. இரண்டாவது ரிலீஸை ஆகஸ்டில் வைக்கலாம். வாரத்திலும், விசைப்படகு கடலுக்குப் போவதற்கு முந்தின சாயங்காலம் எதையும் ஏற்ற வேண்டாம்.

ஆப்பும் குரல் பதிவும் பாக்கி. ஆப் கேட்கிறவர்களிடம் ஆப் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். சிக்னல் போனால் எழுதியது அழிந்துவிடுகிறது என்றோ, நோட்டிஃபிகேஷன் வருவதில்லை என்றோதான் பெரும்பாலும் சொல்வார்கள். இரண்டையும் இப்போதிருக்கும் வலைத்தளத்திலேயே செய்யலாம், எழுதியதைப் போனிலேயே சேமித்துவைத்து சிக்னல் வந்ததும் அனுப்பினால் போதும். குரல் பதிவு வேறு கதை, அதை ‘அடுத்து’ என்பதில் தயங்காமல் போடுங்கள். பாம்பனில் 2016-இலிருந்து மீனவர்களுக்கென்றே கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி ஓடுகிறது. காதால் கேட்டு, வாயால் பேசிப் பழகிய ஊர். தட்டச்சு வராதவர்கள் உள்ளே வர இதுதான் வாசல். ‘இப்போது’ என்பதில் ஏன் வைக்கவில்லை என்றால், குரலைத் தேட முடியாது, தப்பாகப் பேசியிருக்கிறார்களா என்று மாடரேட்டர் முழுசாகக் கேட்க வேண்டும். இருக்கும் மூவருக்கு அந்தச் சுமையை இப்போது ஏற்றாதீர்கள்.

விவசாயிகள் குழுவையும் மறக்காதீர்கள். அவர்கள் சர்வரில் ஓடுகிற பதிப்பை நீங்கள் ஓடிப்போய் மாற்ற முடியாது. இணையதளம் கட்டும் மென்பொருளான ட்ரூபலைப் பாருங்கள், அதன் 7-ஆம் பதிப்பு வெளிவந்தது 2011-இல். 2015-இல் வந்த 8 அடியோடு வேறாக இருந்ததால் பலரால் நகர முடியவில்லை, கடைசியில் 7-க்கு 2025 ஜனவரி வரை ஆதரவை நீட்ட வேண்டியிருந்தது. ப்ளக்-இன் எழுதும் முறையை மாற்றுவதாக இருந்தால் ஒரு ரிலீஸுக்கு முன்னாலேயே எச்சரிக்கை கொடுங்கள், பழைய முறையும் ஒரு சுற்று ஓடட்டும்.

எழுதும் விதம் பற்றி ஒரே ஒரு மாதிரி தருகிறேன். ‘நிர்வாகப் பக்கம் மேம்பாடு’ என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது, எப்போது முடிந்தது என்று உங்களுக்கே தெரியாது. இப்படி எழுதுங்கள்: ‘டோக்கன் இல்லாத நாளில் மாடரேட்டர் ஒரே பதிலைத் திரும்பத் திரும்ப ஒட்டுகிறார். அறிவிப்பை ஒரு தடவை போட்டால், அதே கேள்வியைத் தட்டுகிறவருக்கு அது முதலில் தெரிய வேண்டும். நம் மூன்று மாடரேட்டர்களும் போனிலேயே இதைச் செய்து பார்த்துச் சரி என்று சொன்னால் வேலை முடிந்தது.’ பட்டியல் முழுவதும் தமிழில் இருக்கட்டும், ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். சங்கக் கட்டடத்தில் அச்செடுத்து ஒட்டினால் கிட்ஹப் பக்கம் வராதவர்களும் படிப்பார்கள். ஒவ்வொரு ரிலீஸ் முடிந்ததும் திருத்துங்கள், நடுவில் வேண்டாம். அந்த 312 இஷ்யூக்களில் ஒரு வருஷமாக யாரும் தொடாதவற்றை ஒரு வரி விளக்கத்தோடு மூடிவிடுங்கள். வேண்டியவர்கள் திறந்துகொள்வார்கள்.

டேட்டாபேஸ் மாற்றுகிற ராத்திரிக்கு முன், பேக்கப்பை வேறொரு சர்வரில் ஏற்றி, தளம் அங்கே எழுந்து நிற்கிறதா என்று பாருங்கள். பேக்கப் கோப்பு இருக்கிறது என்று சொல்லாதீர்கள், ஏற்றிப் பார்த்தாயிற்றா என்றுதான் கேட்பேன். படங்கள் இருக்கும் ஃபோல்டர் தனியாக இருந்தால் அதையும் சேர்த்தே ஏற்றிப் பாருங்கள்.

– அக்கா